நகை என்னும் ஒரு சொல்

அன்புள்ள மகளுக்கு,

நீ விட்டுச்சென்ற சிவப்புக்கல் தோட்டை அனுப்பி வைக்கட்டுமா என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டேன். "நகை எதற்கம்மா? எனக்குத்தான் வாய் இருக்கிறதே, அழகு இல்லாத குறையை அது பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். பேசி முடித்த பிறகுதான், அழகையும் பேச்சுத்திறத்தையும் நகையையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்தி, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பண்டமாற்றாக நீ ஆக்கிவிட்டாய் என்பது உறைத்தது. அப்போதே பதில் சொல்லத் தொடங்கியிருந்தால், நான் முடிப்பதற்குள் நீ அடுத்த வேடிக்கைக்குப் போயிருப்பாய். ஆகவே எழுதுகிறேன்.

நம் மொழியில் இந்த மூன்றையும் பிரித்து வைப்பது அத்தனை எளிதில்லை. நகை என்றால் அணிகலன், நகை என்றால் சிரிப்பு. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறார். பழைய பாடல்களில் நகுதல் என்பது ஒளிவிடுவதையும் பூ மலர்வதையும்கூடக் குறிக்கும். அணி என்ற சொல்லும் இப்படித்தான்: கழுத்தில் கிடப்பதும் அணி, செய்யுளில் உவமையாக வருவதும் அணி, வெறும் அழகுக்கும் அதே பெயர். ஐம்பெருங்காப்பியங்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தால், சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளை, குண்டலம் என்று ஒரு நகைப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும். குண்டலகேசி என்றால் சுருண்ட கூந்தலுடையவள் என்றுதான் பொருள் என்று நீ திருத்துவாய். தெரியும், ஆனாலும் அந்தப் பெயருக்குள் ஒரு குண்டலம் இருக்கத்தான் செய்கிறது.

அழகைவிட அறிவுக்கூர்மை பெரிது என்று நீ வாதாடினால் வள்ளுவர் உன் பக்கம் நிற்பார். நுண்ணிய புலமை இல்லாதவனுடைய எழில், மண்ணால் செய்து அலங்கரித்த பொம்மையின் எழிலைப் போன்றது என்று கல்லாமை அதிகாரத்தில் கடுமையாகவே சொல்லியிருக்கிறார். அந்த வழக்கில் நான் எதிர்வாதி ஆகப்போவதில்லை.

என் மனத்தில் இருப்பது கம்பருடைய ஒரு பாட்டு. சீதைக்குத் தோழியர் நகை பூட்டுகிறார்கள். வேறு எந்தப் புலவராக இருந்தாலும் அந்த இடத்தில் நகைகளைப் புகழ்ந்து தள்ளியிருப்பார். கம்பரோ, சுடர்விடும் அந்தக் கலன்கள் அவளுடைய உருவத்தை 'மறைப்பது ஓரார்', அதாவது மறைப்பதை உணராதவர்கள் என்று தோழியரைக் கேலி செய்கிறார். கண்ணுக்கு அணியாக அமைந்த இமைகளே கண்ணை மூடிவிடுவதைப் போல என்று உவமையும் சொல்லி, 'அழகினுக்கு அழகு செய்தார்' என்று வியந்து, உலகத்துக்கு எத்தனை அறியாமை என்று முடிக்கிறார். சின்ன வயதில் இந்தப் பாட்டைச் சீதையின் அழகைப் பற்றியதாகத்தான் படித்தேன். இப்போது அந்த இமையை விட்டு என் மனம் நகர மறுக்கிறது.

உன் தோட்டின் திருகு தளர்ந்திருந்ததால் அதைச் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். கல் பதிக்கும் பெரியவர் தம்முடைய 10 மடங்கு லென்ஸை என் கையில் கொடுத்து, விளக்குக்கு நேராகக் கல்லைச் சாய்த்துக் காட்டினார். வெறுங்கண்ணுக்கு மாதுளை முத்துப் போலத் தெளிவாக இருந்த கல்லுக்குள், பட்டு நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டது போல மெல்லிய இழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. குற்றமுள்ள கல்லா என்று கேட்டேன். இந்த இழைகள் இருப்பதால்தான் இது மண்ணுக்குள் விளைந்த கல் என்று நம்புகிறோம் என்றார் அவர். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய், தீச்சுடரில் தூளை உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை 1902-இல் வெளியிட்டார். அப்படிச் செய்த கல்லுக்குள் வளைந்த கோடுகள்தான் தெரியுமாம். மாணிக்கத்தின் சிவப்புக்கே ஒரு கலப்புத்தான் காரணம். தூய நிலையில் நிறமே இல்லாத அந்தக் கனிமத்தில் சிறிதளவு குரோமியம் கலந்திருப்பதால்தான் அது சிவக்கிறது.

திரும்பி வந்ததும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையை எடுத்துப் பார்த்தேன். மதுரையின் மணிக்கடைத் தெருவில் இருந்த வைரங்கள் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றங்களும் நீங்கியவை என்று இளங்கோ ஒரு வணிகரைப் போலப் பட்டியல் போடுகிறார். அந்தத் தெருவைக் கண்டு திரும்பும் கோவலன் பிறகு அதே நகரத்தில் சிலம்பு விற்கப் போய்த்தான் கொலைப்படுகிறான். வைரத்துக்குள் காக்கைக் கால் போன்ற ஒரு கீற்றைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில், இந்தச் சிலம்புக்குள் இருக்கும் பரல் முத்தா மாணிக்கமா என்று தீர்ப்புக்கு முன் கேட்க ஒருவரும் இல்லை. கண்ணகி வந்துதான் 'என் காற்பொற் சிலம்பு மணியுடை அரியே', என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்ல வேண்டியிருந்தது. உடைத்தபோது தெறித்த மணி அரசனுடைய வாயருகே போய்ப் பட்டது என்று எழுதினாரே, அந்த வாயைத் தேர்ந்தெடுத்த கையை எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடலாம்.

இனி உன்னைப் பற்றி. உன் பேச்சு நன்றாகப் பட்டை தீட்டிய வைரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. வைரம் தனக்குள் வரும் ஒளியை வளைத்து, பட்டைகளில் மோதவைத்து, மேல்முகம் வழியாகவே திருப்பி அனுப்பிவிடும். செம்மையாக வெட்டிய வைரத்தைக் காகிதத்தில் போட்ட கோட்டின்மேல் கவிழ்த்து வைத்தால், கீழே இருக்கும் கோடு தெரியாது. பார்ப்பவர் கண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் பளபளப்புத்தான். வள்ளுவர் காட்டும் மணி வேறு மாதிரி. 'மணியில் திகழ்தரு நூல்போல்' அவளுடைய அழகுக்குள்ளே ஒன்று தெரிகிறது என்று தலைவன் சொல்கிறான். கோத்த நூல் வெளியே தெரியும்படி அந்த மணி ஒளியை உள்ளே விடுகிறது.

வேலை போன செய்தியை நீ எப்படிச் சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வேலை வற்றிவிட்டதம்மா, கரையில் நிற்கிறேன்" என்றாய். வேலை என்றால் கடல் என்றும் பொருள் உண்டென்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். சிலேடை அத்தனை கச்சிதமாக இருந்ததால் அதன் சுவையிலேயே மயங்கி, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மூன்று நாள் கழித்து, இரவில் விழிப்புத் தட்டியபோதுதான் நீ கரையில் தனியாக நின்றுகொண்டிருக்கிறாய் என்பது எனக்குப் புரிந்தது. அந்த மூன்று நாளும் இமை கண்ணை மூடியிருந்தது. மூடியவள் நீ, அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

கலித்தொகையில், காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி வரும் தாயிடம் வழியில் எதிர்ப்பட்ட துறவிகள், முத்து நீருக்குள்ளே பிறந்தாலும் அணிபவர்க்கன்றி நீருக்கு என்ன செய்யும் என்று கேட்பார்கள். மலையில் பிறக்கும் சந்தனத்தையும் யாழில் பிறக்கும் இசையையும் சேர்த்துச் சொல்லி அவளைத் தேற்றுவார்கள். நீ புறப்பட்டுப் போன அன்று நானும் அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெரியவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. எந்த முத்தும் நீரைத் தொலைபேசியில் அழைத்து, நீர் வற்றிவிட்டது என்று வேடிக்கை பேசியதில்லை.

தோட்டைப் பஞ்சில் சுற்றிச் சின்னப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அணிவதும் அணியாததும் உன் விருப்பம். லென்ஸ் கிடைத்தால் உள்ளே ஒருமுறை பார். வாடகையைக் குறைக்க வேறு இடம் மாறப்போவதாகச் சொன்னாயே, முகவரி மாறிவிட்டதா, கையில் பணம் இருக்கிறதா என்ற இரண்டுக்கு மட்டும் சிலேடை இல்லாமல் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா