குழாய் போகிற வழியைப் பார்

அன்புள்ள மாலதி,

பதில் போட இரண்டு மாதம் ஆக்கிவிட்டேன். நன்றாகத் திட்டிக்கொள். ஆனால் நீ கடிதத்தோடு வைத்திருந்த வரைபடத்தை வந்த அன்றே பிரித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் ஊர்ச் சாக்கடைநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை விரிவாக்க எட்டு ஹெக்டேர் எடுக்கிறார்களே, அவ்வளவு எதற்கு என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த எட்டு ஹெக்டேரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் வேறு. அதே தாளில் ஓடையை ஒட்டிப் பதினோரு கிலோமீட்டருக்கு ஒரு நீலக் கோடு போகிறதே, நிலையத்துக்கு வரும் பிரதான சாக்கடைக் குழாய், அதைப் பற்றி ஒரு வரி உண்டா? சங்கரன் சாரிடம் மூன்று வருஷம் படித்தவளடி நீ. "தண்ணி பள்ளத்தைப் பார்க்கும், பணம் குழாயைப் பார்க்கும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நீ கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கும் ரகுவுக்கும் தெரியும்.

எட்டு ஹெக்டேர் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். நாளொன்றுக்கு 40 எம்.எல்.டி., அதாவது நாலு கோடி லிட்டர், என்றால், தொட்டியில் காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் காற்றூட்டும் முறைக்கு அவ்வளவு இடம் ஆகத்தான் செய்யும். நீரைக் குட்டைகளில் தேக்கித் தானாகத் தெளியவிடும் குட்டை முறையில் 40 ஹெக்டேருக்கு மேல் போகும். சவ்வு வடிகட்டி வைத்தால் இரண்டு ஹெக்டேரில் அடக்கலாம், ஆனால் மின்சாரக் கட்டணம் கண்ணைக் கட்டும். இடத்தை மிச்சம் பிடித்தால் மின்சாரத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீ கேட்டிருக்க வேண்டியது கசடுக்கு, அதாவது சுத்திகரித்த பிறகு மிஞ்சும் சேற்றுக்கு, இடம் எங்கே என்பதை. அத்தனை நீரிலிருந்து தினமும் எட்டு டன், பத்து டன் உலர்கசடு வரும். பிழிந்த பிறகும் ஐந்தில் நாலு பங்கு ஈரம், ஆக லாரியில் ஏறுவது 40, 50 டன். உன் வரைபடத்தில் அதற்கு ஒரு சதுர மீட்டர்கூடக் காட்டவில்லை.

இப்போது நீலக் கோடு. சாக்கடை தானாக ஓட வேண்டும் என்றால் சரிவு வேண்டும். சரிவைத் தேடிப் போனால் ஊரிலேயே தாழ்ந்த இடத்துக்கு, ஓடைக்கரைக்குத்தான், போய்ச் சேருவாய். அதனால் பிரதான குழாய் எப்போதும் ஓடையோரமாகவே வரும். வெள்ளம் வந்தால் நிற்கிற நிலம், ஈரம் காக்கிற வயல், இதுவரை யாரும் வீடு கட்ட நினைக்காத இடம் எல்லாம் முதல் இணைப்பு கிடைக்கிற இடமாகிவிடும். குழாய் பதிக்கப் போட்ட மண்பாதை ஆறு மாதத்தில் தெரு. மேன்ஹோல் மூடி வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால், மழை நாளில் ஓடையே குழாய்க்குள் இறங்கி நிலையத்தை மூழ்கடிக்கும்.

அளவையும் பார். உன் தாளில் 600 மி.மீ. என்று போட்டிருக்கிறது. 500 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் 300 மி.மீ. குழாய், ஆளுக்கு 120 லிட்டர், உச்ச நேரத்துக்கு இரண்டரை மடங்கு என்று கணக்குப் போட்டால் சுமார் 12,000 பேருக்குத் தாங்கும். விட்டத்தை இரண்டு மடங்காக்கி 600 போட்டால் 79,000 பேர். ஆறு மடங்குக்கும் மேல்! செலவு அப்படி ஏறாது. பள்ளம் தோண்டுவது, பக்கம் சரியாமல் முட்டுக்கொடுப்பது, ஊற்றுநீர் இறைப்பது, சாலையைத் திரும்பப் போடுவது எல்லாம் ஏறக்குறைய அதேதான். "தோண்டுவதுதான் தோண்டுகிறோம், பெரிதாகவே போட்டுவிடுவோம்" என்று எந்தப் பொறியாளரும் சொல்வார். நானும் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தில் 67,000 பேருக்கு வீட்டுமனை முடிவாகிவிடுகிறது. அதற்கு நகரமைப்புக் கூட்டமும் இல்லை, ஆட்சேபணை மனுவும் இல்லை.

பெரிய குழாய்க்குத் தண்டனையும் உண்டு. முதல் சில வருஷம் 3,000 பேர்தான் இணைந்திருப்பார்கள். காலை உச்ச நேரத்திலேயே ஓட்டம் நொடிக்கு அரை மீட்டரைத் தொடுவது பாடு. மண்ணைத் தள்ளிக்கொண்டு போக 0.6 மீட்டராவது வேண்டும். அடியில் படிந்தது அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். குழாயின் மேல்வளைவு ஈரத்தில் இருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் மேலிருந்து உதிரத் தொடங்கும். அடிப்பக்கம் புதுசுபோல இருக்கும், மேலே விரலால் சுரண்டினால் ஈரச் சுண்ணாம்பு மாதிரி வரும். உடனே என்ன செய்வார்கள்? "ஓட்டம் போதவில்லை, இணைப்புகளைக் கூட்டுங்கள்" என்பார்கள். லேஅவுட்காரர்களுக்குக் கரும்பு தின்னக் கூலி.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. 1972 தூய்மைநீர்ச் சட்டத்தில் கட்டுமானச் செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு கொடுத்தது. யார் வீட்டுப் பணமோ என்று ஊர்கள் எதிர்கால வளர்ச்சிக்கும் சேர்த்துக் குழாய் போட்டன. 1981 திருத்தத்தில்தான் பங்கை 55 ஆகக் குறைத்து, வருங்கால வளர்ச்சிக்கான கூடுதல் கொள்ளளவுக்குப் பணம் கிடையாது என்றார்கள்.

அதற்காகக் குழாயே வேண்டாம் என்கிறேன் என்று ரகுவிடம் போய்ச் சொல்லிவைக்காதே. செப்டிக் டேங்குக்கு ஊறவைக்கும் நிலம் வேண்டும், கிணற்றிலிருந்து தூரம் வேண்டும், அதனால் வீடுகள் தள்ளித் தள்ளித்தான் வரும். பாதாளச் சாக்கடை வந்தால் அதே ஜனத்தைச் சின்ன இடத்தில் அடக்கி மீதி வயலைக் காப்பாற்றலாம். இதுவரைதான் வீடு என்று எல்லைக்கோடு போட்டால் மட்டும்.

இனி விளையாட்டில்லை. இன்று அந்த ஊர்ச் சாக்கடைநீர் எங்கே போகிறது? கீழே யார் அதை நம்பிப் பயிர் வைக்கிறார்கள்? இதை யாராவது விசாரித்தார்களா? மெக்ஸிகோ நகரத்தின் கழிவுநீர் மெஸ்கிதால் பள்ளத்தாக்கில் 80,000 ஹெக்டேருக்கு மேல் பாய்ந்தது. அந்த நீருக்காக அதோதோனில்கோ என்ற ஊரில் நொடிக்கு 35 கன மீட்டர் சுத்திகரிக்கும் நிலையம் வந்தபோது, உரச்சத்து போய்விடுமே, தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடுமே என்று அங்குள்ள விவசாயிகள் பயந்தார்கள். கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் இன்னும் நெருக்கமான உதாரணம். 12,500 ஹெக்டேர், 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. நகரத்தின் சாக்கடையே அங்கே மீன் குட்டைகளுக்குத் தீனி. அரசுப் பொறியாளராக இருந்த துருபஜோதி கோஷ் ஆயுள் முழுக்க அதை எடுத்துச் சொன்னார். அந்தக் குட்டைக்கு வரும் நீரைப் பெரிய குழாயில் திருப்பி வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் குட்டை காயும். காய்ந்த குட்டையைத் "தரிசு" என்று எழுத ஒரு கையெழுத்து போதும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஓடை வழியில் ஒரே பெரிய குழாய்க்குப் பதில், இரண்டு குழாய்க்கு இடம் ஒதுக்கிவிட்டு இப்போது சின்னதாக ஒன்றை மட்டும் பதிக்கச் சொல். வயல் வழியாகப் போகும் நீளத்தில் வீட்டு இணைப்பு கிடையாது என்று அனுமதி ஆணையிலேயே எழுத வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதே. நிலையத்தைச் சுற்றி ஒதுக்கும் காலி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேள். தனியார் பெயரில் இருந்தால் பத்து வருஷத்தில் அங்கே வீடு, பதினோராவது வருஷம் நாற்றம் என்று வழக்கு. நாற்றம் பெரும்பாலும் நீர் நுழையும் முகப்பிலும் கசடுத் தொட்டியிலும்தான், அந்த இரண்டுக்கும் மூடி போட்டால் பாதித் தொல்லை தீரும்.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அடுத்த தடவை வரைபடத்தின் இரண்டாவது தாளையும் அவர்களிடம் கேட்டு வாங்கி வை. சாக்கடையை மேட்டைத் தாண்டி இறைத்துத் தள்ளும் உந்து நிலையம் ஒன்று இருக்கிறதா, இருந்தால் மேட்டுக்கு எந்தப் பக்கம் என்பது அதில்தான் இருக்கும். அதை மட்டும் அவர்கள் உனக்குக் கொடுக்காமல் விட்டது எனக்குத் தற்செயலாகப் படவில்லை.

உன்,
வசந்தி