அயர்லாந்தின் கொனமாராவில் இருக்கும் மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

"பெயர்ப்பட்டையில் மீனா என்றுதானே இருக்கிறது, ஏன் இந்த முதியோர் இல்லத்துப் பாட்டிகள் எல்லாரும் வீனா வீனா என்கிறார்கள்?" என்று போனில் குறைபட்டுக்கொண்டாய். கண்ணு, உன் பெயர் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். உன்னைப் பற்றிப் பேசும்போது மீனா என்றுதான் சொல்வார்கள். உன்னையே கூப்பிடும்போது அது 'அ வீனா' ஆகிவிடும். அவர்கள் பேசும் ஐரிஷ் மொழியில் யாரைக் கூப்பிட்டாலும் பெயருக்கு முன்னால் ஒரு சின்ன 'அ' வரும். அது அடுத்து வரும் மெய்யை இளக்கிவிடும். அயலூர்ப் பெயரான உன் பெயரையும் தங்கள் பேச்சு வழக்கில் சேர்த்துக்கொண்டார்களே, எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

பன்னிரண்டு வயது தாண்டி அயர்லாந்துக்கு வந்ததால் பள்ளியில் உனக்கு ஐரிஷ் பாடத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலை வகுப்பில் நான் படித்தது இப்போது உனக்கு உதவட்டும்.

நம் விளி வேற்றுமை பெயரின் கடைசியில்தான் வேலை செய்யும்: கண்ணன், கண்ணா, தம்பி, தம்பீ. தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் உண்டு. ஐரிஷில் மாற்றம் முதலெழுத்திலேயே தொடங்கிவிடும். மாரெ பாட்டியை 'அ வாரெ' என்று கூப்பிடு. ப்ரீட் என்றால் 'அ வ்ரீட்', பாரிக் தாத்தா 'அ ஃபாரிக்'. நோரா அப்படியே இருக்கும். ஆன்யெ போல உயிரெழுத்தில் தொடங்கும் பெயரானால் 'அ' பேச்சில் கரைந்துவிடும், எழுத்தில் மட்டும் நிற்கும்.

ஆண்கள் பெயரில்தான் கவனம் வேண்டும். பலவற்றில் கடைசி மெய்யும் மாறும். ஷான் என்பது 'அ ஹ்யாஞ்' என்பதுபோல் ஒலிக்கும். தொமாஸ் 'அ ஹொமாஷ்', ஷேமஸ் 'அ ஹேமிஷ்'. ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்று பெயர் வைக்கிறார்கள் அல்லவா? அங்குள்ள கேலிக் மொழியில் ஷேமஸைக் கூப்பிடும் வடிவம்தான் அப்படித் தனிப்பெயராக நிலைத்துவிட்டது.

எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட உனக்கு வாய் வராது. அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை, தயங்காதே. 'அ'வை மட்டும் விட்டுவிடாதே. வெறும் பெயரைச் சொன்னாலும் புரியும்தான். ஆனால் வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிப்பது போல இருக்கும். நினைவு தப்பியவர்கள் சிறுவயதில் பேசிய மொழியையே பிடித்துக்கொள்வார்கள் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். மருந்து கொடுக்கப் போகும்போது முதல் வார்த்தை அந்த மொழியில், அவர்கள் அம்மா கூப்பிட்ட மாதிரியே காதில் விழட்டும்.

உன்னை 'அ ஸ்தோர்' என்றால் 'செல்வமே' என்று அர்த்தம். வலியில் 'அ யீயா' என்று கேட்டால் அது 'கடவுளே'. உடனே போய்ப் பார்.

அவர்கள் வீட்டாருக்கு எழுதும்போது 'அ ஹரா', அதாவது 'நண்பரே' என்று தொடங்கு. அரசு அலுவலகக் கடிதங்களில்கூட அப்படித்தான் எழுதுவார்கள். பலருக்கு என்றால் 'அ ஹார்ஜெ'.

ஷானையும் தொமாஸையும் சத்தமாகக் கூப்பிட்டுப் பழகி வை. ஞாயிற்றுக்கிழமை கேட்பேன்.

அன்புடன்,
அம்மா