கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட்டில் மோர் மிளகாய்

அன்புள்ள சுமதி,

ஒன்பது நாள் காயவைத்தும் மிளகாய் வளைகிறது, காம்படியில் கறுப்பாகப் பூத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மத்தியானம் மூன்று மணிக்கு வரும் மழையைத் திட்டாதே. மழைக்குத்தான் தட்டை உள்ளே எடுத்துவிட்டாயே. கெடுத்தது ராத்திரிக் காற்று. தட்டை ஜன்னலோரம் திறந்தபடி விட்டிருக்கிறாய்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கசிய ஆரம்பிக்கும். கோலாலம்பூரில் இருட்டிய பிறகு ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். பகல் வெயில் எடுத்த ஈரத்தை ராத்திரி உப்பு திரும்ப வாங்கிக்கொள்கிறது. ‘ஐந்து நாள் வெயிலில் காயவை’ என்பது மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்குச் சொன்ன கணக்கு.

பூத்த மிளகாயை மொத்தமாகக் கொட்டிவிடு. காம்பை மட்டும் கிள்ளிவிட்டு வறுப்பது வேண்டாம். பூஞ்சையின் நஞ்சு எண்ணெய்ச் சூட்டில் போய்விடும் என்று நம்ப முடியாது.

இனி புதிதாக. பச்சை மிளகாய் ஒரு கிலோ, குட்டையாகச் சதைப்பற்றோடு இருக்கட்டும். பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், கிடைக்கும் நீள மிளகாய் காய்ந்தால் வெறும் தோல்தான். கழுவித் துடைத்து, ஈரம் போக ஃபேன் அடியில் இரண்டு மணி நேரம் பரப்பு. காம்பைப் பிடுங்காதே, பாதி நறுக்கினால் போதும். காம்புக்குக் கீழே ஆரம்பித்து நுனிக்கு முன்வரை ஒரே கீறல். ஊசியால் இரண்டு குத்து குத்தினால் உள்ளே உப்பு போகாது, தண்ணீரும் வெளியே வராது. காம்படிக் குழிதான் கடைசியில் காயும் இடம்; உனக்குப் பூத்ததும் அங்கேதான்.

தயிர் அரை லிட்டர், நன்றாகப் புளித்தது. சூப்பர்மார்க்கெட் கப்பில் வருவதில் பலவற்றில் சர்க்கரையும் ஜெலட்டினும் உண்டு, அட்டையைப் படித்துப் பார். தண்ணீர் விடாமல் கடைந்து உப்பு 120 கிராம் சேர். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறு. மழை ஊர் என்று உப்பைக் கூட்டச் சொல்வார்கள், கேட்காதே. கூட்டக் கூட்ட ஈரம் இழுப்பதும் கூடும். 80 கிராமுக்குக் கீழே போனால் ஊறும்போதே நாறும். எலுமிச்சை ஊறுகாய்க்குக் கல் உப்புதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் இதற்குத் தூள் உப்பு. கல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் உப்புகள் இன்னும் சீக்கிரம் நீர்த்துவிடும்.

கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் இரண்டு நாள் ஊறட்டும். காலையும் மாலையும் குலுக்கிவிடு. அலுமினியம் ஆகாது, புளிப்பும் உப்பும் அரித்துவிடும். மூன்றாம் நாள் காலை மிளகாயை வடித்து மூங்கில் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கொசுவலை போடு. இல்லையென்றால் மைனாவுக்கு விருந்து. ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை உனக்குக் கிடைப்பதுதான் வெயில். பிறகு எடுத்து மிச்ச மோரிலேயே போட்டுவிடு. மோர் முழுக்க வற்றும்வரை, நான்கைந்து நாள், இப்படியே.

அதற்குப் பிறகுதான் ராத்திரிக் கவனம். தட்டை உள்ளே கொண்டுவந்ததும் கால் மணி ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் மூடு. சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து மிளகாய்மேலேயே சொட்டும். ஏர்கான் உள்ள அறை என்றால் ‘டிரை’ முறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, தட்டைத் திறந்தே விடலாம். வெயிலே வராத வாரத்தில் ஓவன் அடுப்பை 60 டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி, ஆறேழு மணி நேரம். சின்ன ஓவன்கள் சில 100 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதில் வைத்தால் தோல் சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். அதற்கு ஏர்கான் அறையே மேல்.

காய்ந்ததா என்று தராசிடம் கேள். கிலோ மிளகாய், உப்பும் தயிரும் ஏறியும், கால் கிலோவிலிருந்து முந்நூறு கிராமுக்குள் வந்து நிற்க வேண்டும். இரண்டு நாள் எடை மாறாமல், குலுக்கினால் விதை கலகலத்து, காம்படியில் ஒடித்தால் ‘டக்’கென்று முறிந்தால் முடிந்தது. ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பதில் வெட்கமே இல்லை. வேண்டியதை மட்டும் காய்ந்த கையால் எடுத்து உடனே மூடு.

மிதமான தீயில், எண்ணெய் புகையாமல், காப்பிக்கொட்டை நிறம் வரை வறு. எண்ணெய் படபடவென்று தெறித்தால் காயவில்லை என்று அர்த்தம். மிச்சத்தை மறுபடி வெயிலில் போடு.

பினாங்கில் உன் மாமியார் வீட்டு மாடி கிடைத்தால் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே போடு. அந்த மாதங்களில் அங்கே மழை குறைவு. கோலாலம்பூரில் ஜூன், ஜூலை பரவாயில்லை, ஆனால் புகைமூட்டம் வந்தால் வெளியே எதையும் பரப்பாதே. ஏப்ரலிலும் நவம்பரிலும் ஆரம்பிக்கவே வேண்டாம்.

உன் பால்கனி எந்தத் திசை என்று எழுதவில்லையே? மேற்கு என்றால் காலை வெயில் கிடைக்காது, மத்தியானம் மழை. அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரிடம் இடம் கேள். கூலி ஒரு ஜாடி.

அன்புடன்,
அக்கா