உண்மை சொன்னவனை வீட்டுக்கு அனுப்பும் விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு கடிதப் பகுதியில் ஒரு வாசகர், கத்தோலிக்கக் குருக்கள் மீது உலகம் முழுக்க வரும் பாலியல் புகார்களுக்கெல்லாம் தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருக்களாக்கியதுதான் காரணம், அவர்களைக் குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டால் திருச்சபை சுத்தமாகிவிடும் என்று எழுதியிருந்தார். நானும் கத்தோலிக்கப் பெண்தான், 31 வருடம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள். அந்தக் கடிதத்தைப் படித்து இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்கும் தடை ஏற்கெனவே விதியாக இருக்கிறது. 1961-லேயே துறவறச் சபைகளுக்கு வத்திக்கான் ஓர் அறிவுரை அனுப்பியது. அதில் தன்பாலீர்ப்பையும் சிறுவர்கள் மீதான காமத்தையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இப்படிப்பட்டவர்களைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். அப்புறம் 2005 நவம்பரில், பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தையாக இருந்தபோது, கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் என்ற வத்திக்கான் துறை இன்னொரு அறிவுரை வெளியிட்டது. தன்பாலீர்ப்பைச் செயலில் காட்டுகிறவர்கள், ஆழமாக வேரூன்றிய நாட்டம் உள்ளவர்கள், அந்தக் கலாச்சாரத்தை ஆதரிக்கிறவர்கள், இந்த மூன்று தரப்பையும் குருமடத்தில் சேர்க்கவும் கூடாது, குருவாகத் திருநிலைப்படுத்தவும் கூடாது என்பது அதன் சாரம். வளரும் வயதில் வந்துபோன நாட்டம் என்றால், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு மூன்று வருடம் முன்பாவது அது தீர்ந்திருக்க வேண்டுமாம். 2016-ல் குருத்துவப் பயிற்சிக்கான உலக நெறிமுறையை வெளியிட்டபோதும், அது திருத்தந்தை பிரான்சிஸ் காலம், இதையே திரும்பச் சொன்னார்கள்.

2005 ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. எப்படியாவது குருவாகிவிட வேண்டும் என்று ஒருவன் தன் நாட்டத்தை மறைப்பது பெரிய நேர்மைக்கேடு என்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறைக்காமல் சொன்னால் என்ன நடக்கிறது?

எங்கள் கோயில் பங்கில் ஒரு பையன். அவனிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஏழு வயதிலிருந்து பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவன். பூசை முடிந்து எல்லோரும் வெளியே ஓடும்போது இவன் மட்டும் மெழுகுவர்த்தியில் வழிந்த மெழுகைச் சுரண்டி உருட்டிக்கொண்டு பீடத்தடியில் உட்கார்ந்திருப்பான். பிளஸ் டூ முடித்துக் குருமடம் போனான். இறையியலுக்கு முன் படிக்கும் மெய்யியலின் இரண்டாம் வருடத்தில், தனக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த ஆன்மகுருவிடம், எனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு வந்ததே இல்லை, ஆண்கள் மேல்தான் வருகிறது, நான் யாரையும் தொட்டதில்லை, மணத்துறவு வாழத் தயாராக இருக்கிறேன், ஆனால் இதை மறைத்துக்கொண்டு பீடத்தில் நிற்க எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கிறான். அவர் நல்லவர், அதட்டவில்லை, நீயே போய்க் குருமட அதிபரிடம் சொல்லிவிடு என்றாராம். இவன் போய்ச் சொன்னான். பத்தாம் நாள் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றான். எந்தக் குருமடம் என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். என் சண்டை விதியோடுதான்.

அவன் அம்மா அங்கி தைப்பதற்காக ஆறு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கி வைத்திருந்தார். அது இன்னும் கிழிக்காமல் பீரோவில் அந்துருண்டையோடு மடித்துக் கிடக்கிறது, நான் பார்த்தேன். கேட்பவர்களிடம் அவனுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, அதான் வந்துட்டான் என்கிறார். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீச்சர், நான் சொல்லாம இருந்திருந்தா இப்ப இறையியல் படிச்சிட்டிருப்பேன்ல?" இருந்திருப்பான். அதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சொல்லாமல் இருந்தவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்றும் பார்க்கத்தான் வேண்டும். திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்களில் ஒருவராக இருந்த ஸ்காட்லாந்தின் கீத் ஓ'பிரையனை எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோ பேராயர், 2012-ல் ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிராகப் பிரிட்டனில் அவரைவிடக் கடுமையாகப் பேசியவர்கள் குறைவு. 2013 பிப்ரவரியில் மூன்று குருக்களும் முன்னாள் குரு ஒருவரும் அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று புகார் கொடுத்தார்கள். அதில் ஒருவர் சம்பவம் நடந்தபோது குருமட மாணவர், ஓ'பிரையன் அவருக்கு ஆன்மகுரு. எந்த அறையில் எங்கள் பையன் போய் உண்மையைச் சொன்னானோ, அதே மாதிரி அறை. தன் பாலியல் நடத்தை ஒரு குருவுக்கும் பேராயருக்கும் கர்தினாலுக்கும் உரிய தரத்திலிருந்து தாழ்ந்திருந்தது என்று கடைசியில் அவரே அறிக்கை விட்டார். பிரான்சிஸைத் தேர்ந்தெடுத்த அந்த வருடக் கான்கிளேவ் என்ற கர்தினால்கள் கூட்டத்துக்கும் அவர் போகவில்லை.

அமெரிக்காவின் தியோடர் மெக்கேரிக் கதை இன்னும் மோசம். குருமட மாணவர்களைத் தன் கடற்கரை வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்கையைப் பகிரச் சொல்கிறார் என்பது பல ஆயர்களின் (பிஷப்புகளின்) காதுக்குப் போயும் 2001-ல் அவர் கர்தினால் ஆனார். வத்திக்கானே 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, யார் யாருக்கு எப்போது என்ன தெரிந்தது, யார் எதை நம்பாமல் விட்டார்கள் என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குச் சொல்கிறது. 2018-ல் கர்தினால் பட்டத்தைத் துறந்தார், 2019-ல் குருத்துவமே பறிக்கப்பட்டது. இத்தனை வருடம் அவரைக் காப்பாற்றியது பதவிதான். அந்த மாணவர்களில் யார் எதிர்த்துப் பேச முடியும்? திருநிலைப்பாடு கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில்தானே இருந்தது.

சிறுவர் புகார்களுக்கு வருகிறேன். அமெரிக்க ஆயர்களே கேட்டுக்கொண்டு நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி செய்த ஆய்வு 2004-ல் வந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது புகார், பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 10,667 பேர், அதில் 81 சதவீதம் ஆண் பிள்ளைகள். வாசகர் பிடித்துக்கொள்வது இந்த 81-ஐத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அதே கல்லூரி 2011-ல் காரணங்களை ஆராய்ந்து இரண்டாவது அறிக்கை கொடுத்தது. தன்பாலீர்ப்புதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை, குருக்களின் கைக்கு அதிகம் எட்டியவர்கள் ஆண் பிள்ளைகள் என்பது முக்கியமான விஷயம் என்றது. பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவலாம் என்று வத்திக்கான் தெளிவாகச் சொன்னதே 1994-ல்தான். எங்கள் சின்ன வயதில் பீடத்தைச் சுற்றியிருந்த கம்பித் தடுப்பைத் தாண்டிப் பெண் பிள்ளை யாராவது போயிருப்போமா?

குழந்தையைத் தொடுகிறவன் குற்றவாளி, அவனைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். அதை மறைத்து, ஊர் மாற்றி, வேறு பங்குக்கு அனுப்பிய ஆயரும் பதில் சொல்ல வேண்டும். குற்றத்தை ஒரு நாட்டத்தின் தலையில் கட்டினால் அந்த ஆயர்கள் தப்பிக்கிறார்கள். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஆன்மிகப் பணியாளராக இருந்த பிரான்சிஸ்கன் துறவறச் சபைக் குரு மைக்கல் ஜட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன 1961 அறிவுரை வந்த அதே வருடம் குருவானவர். எண்பதுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் பக்கத்தில் போகவே பலர் பயந்த காலத்தில் அவர்கள் படுக்கையருகே போய் உட்கார்ந்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்துக்குள் தீயணைப்பு வீரர்களோடு போய் அங்கேயே இறந்தார். அன்றைய சாவுகளில் முதலாவதாகப் பதிவானது அவர் பெயர். அவரை ஒரு நாற்காலியில் வைத்து வீரர்கள் தூக்கி வரும் புகைப்படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதை நெருங்கிய நண்பர்கள் அறிந்திருந்தார்கள், இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. குருமடத்தில் சேர்ந்த வயதில் அதை அவர் வாய்திறந்து சொல்லியிருந்தால் அந்தக் கோபுரத்தில் அன்று அவர் இருந்திருக்க மாட்டார்.

ஆண்கள் மட்டும் தங்கும் விடுதியில் இப்படிப்பட்டவர்கள் இருந்தால் சோதனை வராதா என்று எங்கள் கோயில் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பெண்கள் மேல் ஈர்ப்புள்ள குருவை எங்கே அனுப்புகிறோம்? மாதர் சங்கம், பெண்கள் பள்ளி, பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று நாள் முழுக்கப் பெண்கள் நடுவில்தான் இருக்கிறார். அவரிடம் ஈர்ப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாரா என்றுதான் பார்க்கிறோம். அதையே இவனிடமும் பாருங்கள் என்கிறேன். காப்பாற்ற மாட்டான் என்று தெரிந்தால் தாராளமாக அனுப்பிவிடுங்கள், நானே பஸ் ஏற்றி விடுகிறேன். திருமணம் பற்றிய போதனையை மாற்று என்றோ மணத்துறவை எடு என்றோ நான் கேட்கவில்லை.

திருச்சபைத் தலைமைக்குள்ளேயே இதில் ஒரே குரல் இல்லை. டொமினிக்கன் துறவறச் சபையின் முன்னாள் தலைவர் திமொத்தி ராட்கிளிஃப், 2005 அறிவுரை வந்த அந்த நாட்களிலேயே, தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் கடவுள் குருத்துவத்துக்கு அழைக்கிறார் என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை என்று எழுதினார். 2024 டிசம்பரில் பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக்கினார். பிரான்சிஸே இதில் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2013-ல் விமானத்தில், தன்பாலீர்ப்புள்ள ஒருவரைத் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டவர், 2024 மே மாதம் இத்தாலிய ஆயர்களோடு மூடிய கதவுக்குள் பேசும்போது குருமடங்களைப் பற்றி ஒரு கொச்சையான சொல்லைச் சொல்லிவிட, வத்திக்கான் அதற்கு மன்னிப்புக் கேட்டது. அதற்கடுத்த மாதம், குருமடத்தில் இடம் மறுக்கப்பட்ட ஓர் இத்தாலிய இளைஞர் அவருக்கு எழுதிய கடிதத்துக்கு, உன் இறையழைத்தலில் முன்னேறிப் போ என்று அவர் பதில் எழுதியதாக அங்கே ஒரு நாளிதழ் வெளியிட்டது. இதைப் படித்துவிட்டு நான் அந்தப் பையன் வீட்டுக்கே நடந்து போய்ச் சொன்னேன்.

2025 ஜனவரியில் இத்தாலிய ஆயர் பேரவை குருமடங்களுக்குப் புதிய வழிகாட்டியைக் கொண்டுவந்தது, மூன்று வருடம் சோதனை முறையில். பழைய தடையை அது ரத்து செய்யவில்லை, அப்படியே எடுத்துச் சொல்கிறது. ஆனால் ஒருவனுக்கு இறையழைத்தல் இருக்கிறதா என்று தேர்ந்து தெளியும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் வைத்து ஒருவனை எடைபோடக் கூடாது, அவன் முழு ஆளுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், சுதந்திரமாகவும் பொறுப்போடும் கற்பு வாழ்வைத் தேர்ந்தெடுக்கிறானா என்பதே நோக்கம் என்கிறது. சின்ன இடைவெளிதான், ஆனாலும் அந்தப் பையனை ஒரு மணி நேரமாவது உட்காரவைத்துப் பேச அது இடம் கொடுக்கும். இங்கே பத்து நாளில் முடிந்துவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றிப் போடும்போது 2005 அறிவுரையையும் 2025 இத்தாலிய வழிகாட்டியில் இது தொடர்பான பத்தியையும் தமிழில் அருகருகே வெளியிடுங்கள். எங்கள் பங்குப்பேரவையில் நானே எழுந்து நின்று வாசிக்கிறேன். தமிழக ஆயர்கள் யாராவது படித்தால், நம் குருமடங்களிலிருந்து இப்படி வீடு திரும்பிய பையன்கள் நான்கு பேரையாவது கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் அவன் யாரென்று எங்கள் ஊரில் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்