கடனுக்குச் சிறையா என்று கேட்ட நீதிபதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் போற்றும் நாம், சில்லறைக் கடன் வழக்குகளைக் கேட்டே ஆயுளைக் கழித்த நீதிபதிகளை மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தின் எட்வர்ட் அபட் பாரி அத்தகையவர். 1894இல் மான்செஸ்டர் கவுண்டி நீதிமன்ற நீதிபதியான அவர், 1911இல் லண்டனின் லாம்பெத்துக்கு மாறி, 1927 வரை பணியாற்றினார்.

வீடு வீடாகத் துணியைத் தவணைக்கு விற்ற வியாபாரி வழக்குத் தொடுப்பார். ஒரு நாள் கூலியை இழக்க முடியாத கணவனுக்காக மனைவி வந்து நிற்பாள். 1869ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்கான சிறையை ஒழித்ததாகப் பெயர். ஆனால், வசதியிருந்தும் கட்டவில்லை என்று கருதப்பட்டவரை ஆறு வாரம் வரை சிறையில் அடைக்க அதே சட்டம் இடம் தந்தது, அந்த உத்தரவில் கையெழுத்திட வேண்டியவரும் பாரிதான். ஏழைக்கு ஒரு நீதி, திவாலான பணக்காரருக்கு வேறொரு நீதியா என்று 1914இல் வெளியிட்ட நூலில் அவர் சாடினார்.

1898இல் நீதிமன்றத்திலேயே அமீனா ஒருவரால் சுடப்பட்டும் உயிர் பிழைத்துப் பணிக்குத் திரும்பினார் என்பார்கள். எனக்கோ, தாம் அமல்படுத்திய சட்டத்தையே பதவியில் இருந்தபடி குறைகூறியதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது. அந்தச் சிறைமுறை பெரும்பாலும் ஒழிந்தது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்