டம்ளர் ஏன் விழுந்தது

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். வலது கை நன்றாகத்தான் எழுதுகிறது. தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கை, சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடுகிறது. அகராதியைத் தாள்மேல் பாரமாக வைத்திருக்கிறேன்.

போன வாரம் வீடியோவில் நான் டம்ளரைக் கீழே போட்டதும், "பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்களா அப்பா?" என்று கேட்டாய். அக்கறையில்தான் கேட்டாய், தெரியும். ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் கையில் பலம் இருக்கிறது அம்மா. டாக்டர் விரலை நீட்டியபோது இறுக்கிப் பிடித்தேன். அப்புறம் இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். அசையாமல் வைத்திருப்பதாகவே நினைத்தேன். கண்ணைத் திறந்தால், இடது கை கீழே இறங்கியிருந்தது. விரல்கள் எதையோ தேடுவதுபோல் தாமாக நெளிந்துகொண்டிருந்தன. பயந்துபோனேன்.

ரத்த அழுத்தத்தில் வெடித்தது மிகச் சின்ன ரத்தக் குழாய்தான். ஆனால் வெடித்த இடம் மூளையின் ஆழத்தில், வலது தலாமஸ் என்ற பகுதி. கைகால் எங்கே, எப்படி இருக்கிறது என்று உடம்பு அனுப்பும் சேதி அதன் வழியாகத்தான் மேலே போகும். உடம்பின் இடது பக்கத்துச் சேதி மூளையின் வலது பக்கத்துக்குத்தான் போகும், அது அங்கே அறுந்துபோயிற்று. கைக்கு உத்தரவு போகிறது. செய்தேன் என்ற பதில் வருவதில்லை.

அதனால் கண்தான் அந்த வேலையைப் பார்க்கிறது. பார்த்துக்கொண்டே பிடித்தால் பிடிக்கிறேன், பார்வையை எடுத்தால் பிடி தளர்ந்துவிடும். இருட்டில் தரையும் காலுக்குத் தெரிவதில்லை. இரவு முழுக்க விளக்கு எரிகிறது.

குழாய் வெடித்த நான்காம் மாதத்தில் விரல்கள் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தபோது, மறுபடி ரத்தம் கசிகிறதோ என்று ஓடினோம். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த மாதிரி அசைவுகள் சில பேருக்கு மாதங்கள் கழித்துத்தான் வருமாம். உன்னிடம் அதைச் சொல்லாதது என் தப்பு.

பயிற்சி ஒரு நாளும் விட்டதில்லை. பொத்தான் போடுவது, மூடி திறப்பது, அதையே திரும்பத் திரும்ப. சட்டை மாட்ட நேரமாகும், நீ வரும்போது பொறுத்துக்கொள். என்னை எழுப்பிவிட இடது கையைப் பிடித்து இழுக்காதே, தோள் கெட்டுப்போகும்.

அன்று டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்க்காமல், உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இந்த ஞாயிறு பேசும்போது கையில் எதையும் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

அப்பா