புரூட்டஸுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசியல் சாசனம் பிறந்த கதையைப் போன இதழில் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் சாசனத்தை ஆதரித்து 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகளோடு கதை முடிந்துவிடுகிறது, அவர்கள் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதே அதில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஃபோனில் பேசுவதைக் கேட்பது போல இருந்தது.

அப்புறம், 'ஃபெடரலிஸ்ட்' என்பதைக் 'கூட்டாட்சியாளர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் கூட்டாட்சி என்றாலே மாநிலங்களுக்காகப் பேசுவது. அங்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் கேட்டதோ வலுவான மத்திய அரசு! மாநில அதிகாரம் போய்விடுமே என்று பயந்தவர்கள் எதிர்த்தரப்பு. ஒரு வரியில் இதை விளக்கியிருக்கலாம்.

நான் இரண்டு தரப்பையும் ஜோடி ஜோடியாகப் படித்தேன். உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்தோடு நிற்காது, அதன் உட்கருத்து இதுதான் என்று சொல்லிச் சொல்லியே மாநிலங்களின் அதிகாரத்தைச் சத்தமில்லாமல் கரைத்துவிடும் என்று 1788 ஜனவரி கடைசியில் எதிர்த்தரப்பிலிருந்து 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார். மே மாதம் ஹாமில்டனின் 78ஆம் கட்டுரை வருகிறது: நீதிமன்றத்திடம் வாளும் இல்லை, கஜானாவும் இல்லை, அதற்கா பயப்படுகிறீர்கள் என்று. முதலில் இதை மட்டும் படித்தபோது ஓரத்தில் பென்சிலால் 'சரி' என்று குறித்திருந்தேன். புரூட்டஸைப் படித்துவிட்டு வந்து இரண்டு இடங்களில் அதை அழித்துக் கேள்விக்குறி போட வேண்டியதாயிற்று.

எதிர்த்தவர்கள் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நாட்டில் குடியரசு நிலைக்காது என்றார்கள், நிலைத்துவிட்டது. ஆனால் குடிமக்களின் உரிமைகளைச் சாசனத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட உரிமைப் பட்டியல்? அது தேவையில்லை, ஆபத்தும்கூட என்று 84ஆம் கட்டுரையில் வாதாடியவர் ஹாமில்டன். மாநில மாநாடுகளின் வாக்கெடுப்பில், விர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27 என்று தட்டுத்தடுமாறித்தான் சாசனம் தேறியது, அந்த நெருக்கடியில்தான் மேடிசன் 1789இல் திருத்தங்களைக் கொண்டுவந்தார், 1791இல் பத்துத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன, அவைதான் அந்த உரிமைப் பட்டியல். உங்கள் கட்டுரையிலோ அது மேடிசனுக்குத் தானாகத் தோன்றிய யோசனை மாதிரி இருக்கிறது.

அடுத்த இதழில் தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். புரூட்டஸின் முதல் கட்டுரையையாவது தமிழில் போடுங்கள். நீளம்தான், இரண்டு மூன்று பக்கம் பிடிக்கும். ஹாமில்டன் படத்துக்கே ஒரு முழுப் பக்கம் கொடுத்தீர்களே.

– ஒரு வாசகர், கரூர்